இருபது பேர் சேர்ந்தால் வகுப்பு

மே 9, வெள்ளி

“டீச்சர், நான் ஒருத்திதானுங்க வந்திருக்கேன். இன்னிக்குக் கிளாஸ் இருக்குங்களா?”

ஏறக்குறைய முப்பது வருடங்களுக்கு முன், பவானி ஆற்றில் வெள்ளம் வந்து பேருந்துகள் நின்றுபோன ஒரு காலையில், எங்கள் அரசுப் பள்ளியின் பத்தாம் வகுப்பு வாசலில் குடையை மடக்கியபடி பூங்கொடி கேட்ட கேள்வி. “நீ வந்துட்டியே, அப்புறம் என்ன?” என்று சொல்லி உட்காரவைத்து, வட்டத்தின் தொடுகோடு நடத்தினேன். பிறகு எத்தனையோ பேரிடம் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருக்கிறேன்.

இன்று அவளே போன் செய்ததால் ஞாபகம் வந்தது. நேற்று பிளஸ் டூ முடிவு வந்துவிட்டது. அவள் மகள் பவதாரணி நல்ல மார்க். “பிசிக்ஸ்தான் படிக்கோணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாளுங்க டீச்சர். எங்க சேர்த்தறதுன்னு ஒண்ணும் புரியல” என்றாள். வீட்டுக்கு வருகிறேன் என்றேன்.

இடது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. சொட்டு மருந்தை நவநீதன்தான் விட்டுவிடுகிறான். என் மகன், பைபாஸ் ஓரம் இருக்கிற சுயநிதிக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறான். சாயந்திரம் ஒரு பை நிறைய எவர்சில்வர் தண்ணீர் பாட்டில்களோடு வந்தான். எல்லாவற்றிலும் கல்லூரியின் பெயர். கோடை விடுமுறையில் அங்கே ஆசிரியர்களுக்கு விடுமுறை கிடையாது. வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடிக்க வேண்டும். ஆளுக்கு ஆறு பேர். சேர்கிற பிள்ளைக்கு ஒரு பாட்டில். இயற்பியலுக்கு இருபது பேர் சேர்ந்தால் முதலாம் ஆண்டு வகுப்பைத் திறப்பார்கள்.

போன வருடம் பதினாறு பேர்தான் வந்தார்கள். வகுப்பு திறக்கவில்லை. துறையில் இரண்டு பேரை அனுப்பிவிட்டார்கள். இந்த வருடமும் திறக்காவிட்டால் அடுத்து நவநீதன். அவனுக்கு முப்பத்தைந்து வயது. பெருந்துறையில் பார்த்திருக்கிற பெண் வீட்டார் “வேலை நெலையானதுங்களா?” என்று இரண்டு முறை தரகரிடம் கேட்டுவிட்டார்கள்.

அந்தப் பதினாறு பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று நான் கேட்கவில்லை. சிலிண்டர்காரர் வந்தார். பேச்சு மாறிவிட்டது.

மே 12, திங்கள்

நவநீதன் வகுப்பில் நன்றாகப் பேசுவானாம். அடுத்தவர் வீட்டு வாசலில் நின்றால் தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கிறான். நான் கூட வருகிறேன் என்றேன்.

“கத்திரி வெயில்லயா? கண்ணு ஆபரேஷன் பண்ணிட்டு?”

“டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு, சாமி.”

டாக்டர் சொன்னது தூசியில் போகக் கூடாது என்று. அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் பூங்கொடி வீடு. விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய வரிசை வீடு. தறிச் சத்தத்தில் வாழ்ந்து அவள் கணவர் பழனியப்பனுக்கு மெதுவாகப் பேசவே வராது. கறுப்புக் கண்ணாடியோடு நான் இறங்கியதும், “ஆரு புள்ள அது, சினிமாக்காரங்களாட்ட?” என்று கேட்டது தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

“வாயை மூடுங்க. எங்க கணக்கு டீச்சர்.”

“அதானுங்க அடையாளம் தெரியல. நான் கணக்குல பெயிலு.”

மோர் கொடுத்தார்கள். அரசுக் கல்லூரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், ஏழு மணிக்குப் போனால் இருட்டின பிறகுதான் வருவாள் என்பது பூங்கொடியின் கவலை. இங்கே என்றால் ஐந்து மணிக்கு வீட்டில் இருப்பாள் என்றேன். உண்மைதான். கட்டணம் கேட்டார் பழனியப்பன். வருடத்துக்கு இருபத்தெட்டாயிரம் என்றான் நவநீதன். போன வருடம் இருபத்திரண்டு.

“நூல் வெல ஏறுது, எங்க கூலி ஏற மாட்டீங்குது. உங்க காலேசுக்கு மட்டும் வருசா வருசம் எப்படிங்க சார் ஏறுது?”

நவநீதன் செருமினான். நான் உள்ளே புகுந்து அரிசி விலை, பால் விலை என்று ஏதோ உதாரணம் சொன்னேன். நல்ல உதாரணம் இல்லை. ஆனால் பூங்கொடி, “டீச்சர் சொன்னாச் சரிதான்” என்று முடித்துவிட்டாள்.

பவதாரணி அதுவரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “சார், லேப்ல லேசர் இருக்குங்களா?” என்றாள். நவநீதனுக்குத் தொண்டை திறந்துவிட்டது. கறுப்புத் திரை போட்ட ஹாலைப் பற்றி, ஒளிக்கற்றை ஒரு கண்ணாடிச் சில்லில் பட்டுச் சுவரில் புள்ளி புள்ளியாய் விழுவதைப் பற்றி, மோர் ஆறும்வரை பேசினான் என்று எழுத வந்தேன்; மோர் எப்படி ஆறும்? அவ்வளவு நேரம் பேசினான். இப்படி அவன் பேசி நான் பார்த்து வெகுநாள் ஆகிறது.

முன்பணமும் மாற்றுச் சான்றிதழும் நாளைக்கே தருவதாகச் சொல்லிவிட்டார்கள். டி.சி. கல்லூரிக்குப் போய்விட்டால் பிள்ளையும் அங்கேதான். பாட்டிலைக் கொடுத்தோம்.

மே 14, புதன்

ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை. மூன்று தரம் வைத்துப் பார்த்தேன். “தேஞ்சு போச்சுங்க டீச்சர்” என்றார் கடைக்காரர். சர்க்கரை நாளைக்கு.

மே 18, ஞாயிறு

பதின்மூன்று பேர். அதில் ஏழு என் பழைய மாணவிகளின் பிள்ளைகள். ஊராட்சிக்கோட்டையில் ஒரு வீட்டில் நாய் துரத்தியது. நவநீதன் என்னைவிட முன்னால் ஓடிவிட்டான். வண்டியில் ஏறியதும் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி: கிளாஸ் நடக்குமா? நான் ஷேர் ஆட்டோவை உதாரணம் சொல்லிப் பழகிவிட்டேன். ஆட்டோ நிறைந்தால் கிளம்பும். இன்னும் ஏழு பேர் ஏற வேண்டும். நீங்கள் ஏறினால் ஆறு. எல்லோருக்கும் உடனே புரிகிறது. தலையாட்டுகிறார்கள். ஏறுகிறார்கள்.

முழங்காலுக்கு எண்ணெய் போட்டேன். மாடித் தொட்டியைக் கழுவ ஆள் வரவில்லை.

மே 26, திங்கள்

இருபத்தொன்று! சாயந்திரம் கேசரி கிளறினேன். நவநீதன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். கண்ணுக்கு மருந்து விடும்போது, “அம்மா, இதுல பதினொண்ணு நீ சேர்த்தது. உனக்குச் சம்பளம் குடுக்கச் சொல்லட்டுமா?” என்றான்.

“ஒரு பாட்டில் குடுக்கச் சொல்லு.”

மிச்சம் இரண்டு பாட்டில் இருந்தது. ஒன்றை நானே எடுத்து மோர் ஊற்றி வைத்துக்கொண்டேன். தரகருக்குப் போன் போட்டு, வேலைக்கு ஒன்றும் பயமில்லை என்று சொன்னேன்.

மே 29, வியாழன்

கல்லூரிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அட்மிஷன் பொறுப்பாளர் சக்திகுமார் எனக்குப் பொன்னாடை போர்த்திப் போட்டோ எடுத்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். முன்பு நூற்பாலையில் உற்பத்தி மேலாளராக இருந்தாராம். மரியாதையான மனிதர்; காபியில் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டுத்தான் போடச் சொன்னார்.

காபி முடிந்ததும், “ஒரு சின்ன மாத்தமுங்க டீச்சர்” என்றார். “பிசிக்ஸுக்கு இந்த வருசம் முப்பது வேணும்.”

நவநீதன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இருபதுன்னு சொன்னீங்களே?”

“சொன்னமுங்க. கதை என்னன்னா, கம்ப்யூட்டர்ல எங்களுக்கு அறுபது சீட்டு. கவுன்சலிங்ல சீட்டு கிடைச்சுப் பாதிப் பேர் இன்ஜினியரிங் போயிருவாங்கன்னு நூறு பேரைச் சேர்த்துவோம். வருசா வருசம் அப்படித்தான். கல்யாணத்துக்கு ஆயிரம் பேரைக் கூப்பிட்டு அறுநூறு எலைக்குத்தானே சமைக்கறோம்?”

எனக்குப் பிடித்த மாதிரி உதாரணம். “எல்லாரும் வந்துட்டா?” என்று கேட்டேன்.

“வந்துட்டாங்களே, அதுதான் சங்கடம்! ஃபீஸை எழுபத்திரண்டாயிரம் ஆக்குனோம். கூட்டம் கொறையும்னு பாத்தா, கூடிருச்சு. கம்மியா வாங்குனா சரக்கு சரியில்லைன்னு நெனைக்கறாங்க. பக்கத்துக் காலேஜ் ஏத்துனா நாமளும் ஏத்தோணும், இல்லாட்டி நம்மளை மட்டம்னு சொல்லுவாங்க. அனுமதி வாங்கி ரெண்டாவது செக்சன் போட்டாச்சு. ஹால்தான் இல்லை.”

நான் உள்ளே வரும்போதே பார்த்தேன். இயற்பியல் ஆய்வக வாசலில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத கணினி மேசைகள் அடுக்கியிருந்தன. வேறெங்கோ போக வேண்டியவை என்று நினைத்துக்கொண்டேன்.

“அந்த ஹால்ல அறுபது பேர் உக்காரலாம் டீச்சர். இருபது பேரை வெச்சா, மில்லுல நூல் நூற்கற கதிர்ல மூணுல ரெண்டு பங்கை நிறுத்தி வெச்ச மாதிரி. முப்பது வந்தாக்கூட நான் மேல பேசிப் பாக்கலாம்.”

கணக்கு எனக்கு உடனே புரிந்துவிட்டது. நாற்பது வருடம் அதைத்தானே செய்தேன். இயற்பியலுக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதை இயற்பியல் தீர்மானிக்கவில்லை. அந்த ஹாலில் வேறு யாரை உட்காரவைத்தால் எவ்வளவு வரும் என்பதுதான் தீர்மானிக்கிறது. கணினிக் கட்டணம் ஏற ஏற, இயற்பியலுக்கு ஆள் கூடுதலாக வேண்டும். முப்பதையும் எட்டினால் நாற்பது கேட்பார்கள். கணக்கில் பிழை ஒன்றும் இல்லை.

“முப்பது வரலைன்னா இந்தப் பிள்ளைங்க?”

“ஒருத்தரையும் விட மாட்டோம். எல்லாத்துக்கும் கம்ப்யூட்டர்லயே சீட்டு.”

“ஃபீஸ்?”

“அந்தக் கோர்ஸ் ஃபீஸ்தானுங்களே. ஜூன் பத்து வரைக்கும் கேட்டா டி.சி.யும் முன்பணமும் திருப்பிக் குடுத்துருவோம், அது எங்க ரூல். அதுக்கப்புறம்னா வருசப் பணம் கட்டோணும். நீங்க இப்பவே பெத்தவங்ககிட்டச் சொல்லிப் பயமுறுத்தீராதீங்க. முப்பது வந்துட்டா யாருக்குமே ஒண்ணும் தெரிய வேண்டியதில்லை, பாருங்க.”

பொன்னாடையைக் கொடியில் போட்டிருக்கிறேன். துவைத்தால் சாயம் போகும் போலிருக்கிறது.

ஜூன் 2, திங்கள்

கண் பரிசோதனை. பார்வை நன்றாக இருக்கிறது, படிக்க மட்டும் கண்ணாடி வேண்டும் என்றார் டாக்டர். கீழே கண்ணாடிக் கடையில் ஃபிரேம் காட்டிய பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க நவநீதன் சார் அம்மாங்களா? காலேஜ் போட்ட போட்டோவுல பாத்தேன். பொன்னாடை போட்டது.”

பெயர் ஷர்மிதா. போன வருடம் இயற்பியலில் சேர்ந்த பதினாறு பேரில் ஒருத்தி. இப்போது என்ன படிக்கிறாய் என்று கேட்டேன்.

“படிக்கலைங்க. கிளாஸ் தொறக்கலைன்னு எங்களைக் கம்ப்யூட்டர்ல உக்கார வெச்சாங்க. மொதல் செமஸ்டர் கட்டுனோம். ரெண்டாவதுக்கு எங்கப்பாவால முடியல. டி.சி. கேட்டா, வருசத்துக்கும் கட்டுனாத்தான்னு சொல்லிட்டாங்க. அது இல்லாம வேற எங்கயும் சேர முடியல.” அவள் ஃபிரேமைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னாள். “சார் நல்லவருங்க. எனக்காக ஆபீஸ்ல மூணு தடவை போய்க் கேட்டாரு. திட்டுத்தான் வாங்குனாரு. இந்தப் பழுப்பு ஃபிரேம் உங்களுக்கு எடுப்பா இருக்குமுங்க.”

பழுப்பையே எடுத்துக்கொண்டேன்.

நவநீதன் இதை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. சாயந்திரம் மருந்து விட்டான். கண்ணை மூடியபடி, “ஷர்மிதான்னு ஒரு பொண்ணைப் பார்த்தேன்” என்றேன். அடுத்த சொட்டு கன்னத்தில் விழுந்தது. துடைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஜூன் 3, செவ்வாய்

ஒன்றும் செய்யவில்லை. மாடித் தொட்டிக்கு ஆள் வந்தார். அடியில் அவ்வளவு சேறு.

ஷேர் ஆட்டோவையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆள் சேரும்வரை ஆஸ்பத்திரிக்குப் போகும் என்று சொல்லி ஏற்றுகிறார்கள். ஏறி உட்கார்ந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போகும், சார்ஜும் வேறு என்கிறார்கள். பையை முன்கூட்டியே வாங்கி டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்தாயிற்று. இதில் வாசலில் நின்று “ஏறுங்க, ஏறுங்க” என்று கூவியது யார்?

நவநீதன் மூன்று இட்லிக்கு ஒன்றுதான் சாப்பிட்டான்.

ஜூன் 4, புதன்

காலையில் அவன் போனதும் பூங்கொடி வீட்டுக்கு நடந்தே போனேன். இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, நான் நின்றுகொண்டே சொன்னேன். வகுப்பு திறக்காது. பத்தாம் தேதிக்குள் டி.சி.யை வாங்கிவிடுங்கள். அரசுக் கல்லூரியில் பன்னிரண்டாம் தேதி இரண்டாம் சுற்றுக் கலந்தாய்வு இருக்கிறது. நான் விசாரித்துவிட்டேன், இயற்பியலில் இடம் காலியாக இருக்கிறது, கட்டணமும் கொஞ்சம்தான்.

பழனியப்பன் கத்தவில்லை, மெதுவாகவே பேசினார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

“இருவது பேரு வந்தாத் தொறக்கும்னு சொன்னது நீங்க. இப்பத் தொறக்காதுன்னு சொல்றதும் நீங்க. நாங்க என்ன தறிங்களா, சுவிட்சப் போட்டுப் போட்டு நிறுத்தறதுக்கு?”

“ஏனுங்க, டீச்சர்கிட்டப் போயி” என்றாள் பூங்கொடி.

“டீச்சர் சொன்னாச் சரிதான்னு நீதான புள்ள சொன்ன? ரெண்டு நாள் கூலிய விட்டுப்போட்டு வரிசையில நின்னேன். இப்ப மறுபடியும் நிக்கோணும்.”

நான் ஒன்றும் உதாரணம் சொல்லவில்லை. “ஆமாங்க” என்றேன்.

வாசல்வரை பூங்கொடி வந்தாள். “சாருக்கு ஒண்ணும் ஆகாதுங்களா டீச்சர்? வகுப்புத் தொறக்காட்டி?”

“அவனைப் பத்தி யோசிக்காதே.”

“நீங்க யோசிச்சிருப்பீங்க” என்றாள்.

தறிச் சத்தத்தில் கேட்காத மாதிரி நடந்துவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

இன்று ஒன்பது வீட்டுக்குப் போன் செய்தேன். எல்லோரிடமும் நலம் விசாரித்தேன். வேறு எழுதுவதற்கு ஒன்றுமில்லை. நவநீதன் இந்த டைரியைப் படிப்பவன் இல்லை. ஆனாலும் இது இருக்கிற மேசை அவனுடையது. நேற்று எழுதியதே அதிகம்.

ஜூன் 6, வெள்ளி

நாலு வீடு. நலம்தான். ஒருத்தி திட்டினாள். திட்டட்டும்.

ஜூன் 7, சனி

போனில் பேச முடியவில்லை. பணம் தீர்ந்துவிட்டது, ரீசார்ஜ் செய்யவும் என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. எப்போதும் நவநீதன்தான் போட்டுவிடுவான். அவனிடம் எப்படிக் கேட்பது?

பெருந்துறையிலிருந்து தரகர் பேசினார். அடுத்த வாரம் பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வருகிறார்களாம்.

ஜூன் 8, ஞாயிறு

சாயந்திரம் மருந்து விட வந்தவன் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“நேத்து பதினோரு பேர் வந்து டி.சி.யை வாங்கிட்டுப் போயிட்டாங்கம்மா.”

“அப்படியா?”

“யாரு சொல்லிவிட்டதுன்னு சக்திகுமார் சார் கேக்கறாரு. துறையில எல்லாரையும் நிக்க வெச்சுக் கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“தெரியாதுன்னேன்.” என் இமையை விரலால் தூக்கினான். இன்று சொட்டு சரியாக விழுந்தது. “கண்ணை மூடிக்கோ.”

மூடிக்கொண்டேன். சமையலறையில் பால் பொங்கும் வாசனை. அடுப்பை அணைக்கப் போவான் என்று நினைத்தேன். போகவில்லை.

“போன வருசமே நான் அவங்களுக்குச் சொல்லியிருக்கோணும்மா. எல்லா வீட்டுக்கும் பாட்டில் கொண்டுபோய்க் குடுத்தவன் நான். வேலை போயிரும்னு பயந்துட்டேன். ஷர்மிதா இப்பவும் என்னைப் பாத்தா எந்திரிச்சு நிக்குது.”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அப்போதுதான் போனான். திரும்பி வந்து என் கையில் போனை வைத்தான்.

“ரீசார்ஜ் பண்ணியிருக்கேன். நீ பேசுன நம்பரை எல்லாம் பாத்தேன், இன்னும் ஏழு பேர் பாக்கி. நாலு பேருக்கு நான் பேசறேன். மூணு பேர் உன் ஸ்டூடண்ட் வீடு. நீதான் பேசோணும்.”

“பெருந்துறைக்காரங்க அடுத்த வாரம் வராங்களாம், சாமி.”

“வரட்டும். கேட்டா உள்ளதைச் சொல்லிக்கலாம்.”

ஜூன் 10, செவ்வாய்

பத்தொன்பது பேர் வாங்கிவிட்டார்கள். இரண்டு வீட்டு நம்பர் வேலை செய்யவில்லை. நவநீதன் ஒரு வீட்டுக்கு நேரில் போனான், பூட்டியிருந்தது. குடும்பத்தோடு வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார்களாம்.

ஜூன் 12, வியாழன்

பவதாரணிக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. பூங்கொடி போனில் அழுதாள். பின்னாலிருந்து பழனியப்பன் கத்தினார்: “டீச்சர்கிட்டச் சொல்லு, ரெண்டு பஸ்ஸு! போயிட்டு வந்தா எம்புள்ளைக்குத் தூங்கத்தான் நேரம் இருக்கும்!” கோபம் தீரவில்லை. நியாயம்தான்.

ஜூன் 16, திங்கள்

கல்லூரி திறந்த நாள். நவநீதன் பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டான். செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான். சொம்புத் தண்ணீரைக் கொடுத்தேன்.

பூட்டியிருந்த வீட்டுப் பெண் வந்திருந்ததாம். ஆய்வக வாசலில், கணினி மேசைகளுக்குப் பக்கத்தில், பாட்டிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இன்னொரு வீட்டுப் பையன் வரவே இல்லை.

“என்னைப் பாத்ததும், ‘சார், நான் ஒருத்திதான் வந்திருக்கேன், கிளாஸ் இருக்குங்களா?’ன்னு கேட்டுதும்மா.”

பூங்கொடி கதையைச் சின்ன வயதிலிருந்து எத்தனை தடவை கேட்டிருக்கிறான் அவன்!

“நீ என்ன சொன்ன?”

“உன்னை மாதிரி சொல்லோணும்னுதான் வாய் வரைக்கும் வந்துது. இல்லைன்னு சொன்னேன். ‘இங்க கிளாஸ் இல்லம்மா. வா, உன் டி.சி.யை வாங்கிட்டுப் போலாம்’னு ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனேன்.”

தேதி தாண்டிவிட்டது, வருடப் பணம் கட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இவன் கவுண்டரை விட்டு நகரவில்லை. வரிசையில் நின்ற பெற்றோர்கள் என்ன விஷயம் என்று கேட்க, சத்தமாகவே சொல்லியிருக்கிறான். தொண்டையைச் செருமவில்லையாம். அரை மணி நேரத்தில் டி.சி. வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் இவனுக்கும் ஆபீசிலிருந்து ஆள் வந்துவிட்டது.

“அடையாள அட்டையை வாங்கிட்டாங்க. மிச்சம் பாட்டில் ரெண்டு இருக்குமே, அதையும் கொண்டாந்து குடுக்கச் சொன்னாங்க.”

“ஒண்ணுல மோர் இருக்குதேடா.”

அவன் சிரித்தான். பிறகு கையால் முகத்தை மூடிக்கொண்டான். நான் அடுப்படிக்குப் போய் பாட்டிலைக் கழுவினேன். மோர் வாடை போகவில்லை. அப்படியே கொடுத்தனுப்பலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த மழை நாளில் நான் சொன்ன பதிலைப் பற்றி இன்று நெடுநேரம் யோசித்தேன். ஒருத்தி வந்தாலும் அறுபது பேர் வந்தாலும் அன்று என் சம்பளம் ஒன்றுதான். என் வகுப்பறையை யாரும் அளந்து பார்க்கவில்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக “நீ வந்துட்டியே” என்று சொல்ல முடிந்தது. நவநீதனின் “இல்லை” அப்படி வந்ததில்லை.

ஜூன் 17, செவ்வாய்

தரகரிடம் உள்ளதைச் சொன்னேன். சரி பார்க்கலாம் என்றார். பார்க்க மாட்டார்கள்.

ஜூன் 19, வியாழன்

நவநீதன் இரண்டு டியூஷன் சென்டரில் கேட்டுவிட்டு வந்தான். ஒன்றில் ஜூலைக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறார்கள். சொட்டு மருந்து இனி ஒரு வேளைதான். அதையும் நானே விட்டுக்கொள்ளப் பழகிவிட்டேன். அவன் விடுவதாகச் சொல்கிறான். சும்மா இருக்கும்போது ஒரு வேலை இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

பூங்கொடியின் தெருவில் இரண்டு பேர் அடுத்த வருடம் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியவர்கள். எந்தக் கல்லூரி நல்லது என்று கேட்டு இன்று வந்தார்கள். அது எனக்குத் தெரியாது என்றேன். ஷேர் ஆட்டோ கதையை மட்டும் முழுதாகச் சொன்னேன், கூவியது யார் என்பதையும் சேர்த்து. அவர்களிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். இந்தப் பக்கத்தை யார் படித்தாலும் செய்து பாருங்கள்.

பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது, “இந்த வகுப்பு திறக்காவிட்டால் என் பிள்ளையை எங்கே உட்காரவைப்பீர்கள், என்ன கட்டணத்துக்கு?” என்று கேளுங்கள். பதிலை அவர்கள் கையால் எழுதிக் கொடுக்கும்வரை டி.சி. இருக்கிற உறையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.